வாசித்துக் காட்டப்பட்டது

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு மைக்செட்டுக்கு மெமோ வந்தது. அவரே அதற்கு எண் போட்டு, அவரே பதிவேட்டில் ஏற்றி, அவரே தனக்குக் கொடுத்து, 'பெற்றுக்கொண்டேன்' என்று அவரே கையெழுத்தும் போட்டுக்கொண்டார். தபால் பிரிவும் அந்த ஆபீசில் அவர்தான். ஏழு நாளைக்குள் விளக்கம் தராவிட்டால் வேலை போகும் என்றது மெமோ. ஒரு சாட்சி ரகசியமாக வாக்குமூலம் கொடுத்த அறையில் பேசியது வார்த்தை பிசகாமல் போலீஸ் காதுக்குப் போய்விட்டது, அதை யார் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதற்குத்தான் விளக்கம்.

ஆணையம் என்பது போலீஸ்காரர்கள் மேல் ஜனங்கள் கொடுக்கிற புகாரை விசாரிக்கும் ஆணையம். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அரசாங்கம் நல்ல மனநிலையில் இருந்த ஒரு நாள் அதை ஆரம்பித்தது. மறுநாளே மனநிலை மாறிவிட்டது, ஆனால் போர்டு எழுதி மாட்டியாகிவிட்டது. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைவர். அவருக்குக் கீழே விசாரணைப் பிரிவு. விசாரிக்கத் தெரிந்தவர்கள் போலீஸ்காரர்கள்தான் என்பதால் போலீஸை விசாரிக்கப் போலீஸிலிருந்தே ஓர் அதிகாரியை வாங்கிப் போட்டிருந்தார்கள். சம்பளம் இங்கே, பென்ஷன் அங்கே. ஆபீசில் அவருக்குப் பெயர் 'இரவல்'. இரவலின் போலீஸ் தொப்பி பீரோ மேல் இருக்கும், யாரும் தொடாமலே அதில் தூசி சேராது.

மைக்செட் வாக்குமூல எழுத்தர். சாட்சி சொல்லச் சொல்ல எழுதுவார். எழுதி முடித்ததும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாகப் படித்துக் காட்டுவார். சாட்சி 'சரி' என்றதும் அடியில் 'வாசித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார்' என்று எழுதி இவர் கையெழுத்து, அதற்குக் கீழே சாட்சி கையெழுத்து. படிக்காத வாக்குமூலம் செல்லாது, அது சட்டம். தெருமுனை வரை கேட்கும்படி படிக்க வேண்டுமென்று சட்டத்தில் இல்லை, அது மைக்செட்டின் சொந்தப் பங்களிப்பு. பெயரும் அப்படித்தான் வந்தது.

விஷயம் இதுதான். போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிர்த்தாற்போல் டெய்லர் ஒருவர் கடை வைத்திருந்தார். ஒரு நாள் சாயந்திரம் கடை வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு பெயிண்டரைப் போட்டு அடித்ததில் அவன் வலது கை மூன்று இடத்தில் முறிந்தது. டெய்லர் ஆணையத்துக்கு வந்து சாட்சி சொன்னார். முகம் சரியாகத் தெரியவில்லையாம். "ஆனா அந்தப் பேண்ட் நான் தைச்சது. பின்பாக்கெட்டுக்குப் பட்டன் வைக்காதேன்னு சொன்ன ஆளு அந்த ஸ்டேஷன்லயே ஒருத்தர்தான்" என்றார். பதினொரு வருஷத்தில் ஆணையத்துக்குக் கிடைத்த உருப்படியான சாட்சி அது ஒன்றுதான். சொல்லும்போது டெய்லருக்கு நாக்கு உலர்ந்தது. மைக்செட் பேனாவை வைத்துவிட்டு, மெதுவாகச் சொல்லுங்கள் அண்ணே, தண்ணீர் குடியுங்கள், இங்கே உங்களை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று தைரியம் சொன்னார்.

மறுநாள் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் ஒரு பழைய பேண்டோடு கடைக்கு வந்தார். இடுப்பைப் பிடிக்கச் சொன்னார். டெய்லர் மூன்று தடவை முயன்றும் ஊசியில் நூல் ஏறவில்லை. இன்ஸ்பெக்டர் குனிந்து, மைக்செட் இழுக்கிற இழுப்போடு சொன்னார்:

"மெதுவா அண்ணே. தண்ணி குடிங்க. இங்க உங்களை யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

டெய்லர் ஆணையத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை தலைவர் அறையில் கூட்டம். வாக்குமூலத் தாளை மைக்செட்டையும் சேர்த்து ஐந்து பேர் பார்த்திருந்தார்கள், மற்ற நான்கு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. மைக்செட்டுக்கு மட்டும் உற்சாகம். வாழ்நாளில் முதல்முறையாக அவருக்கு ஒரு துப்பு கிடைத்திருந்தது. எழுந்து நின்று, இன்ஸ்பெக்டர் சொன்ன அந்த மூன்று வாக்கியமும் தாளிலேயே இல்லை, அவர் வாயால் சொன்னது, எழுதியதே இல்லை என்று நிரூபித்தார். ஆகவே தாளை யாரும் காட்டிக்கொடுக்கவில்லை, அறையில் பேசியதை யாரோ கேட்டிருக்கிறார்கள், ஆணையத்தை ஒட்டுக்கேட்கிறார்கள் என்று முடித்தார். தலைவர் ரொம்ப நேரம் தலையாட்டினார். மற்ற நான்கு பேருக்கும் மூச்சு வந்தது.

"ரொம்ப சரி. அப்போ அந்த ரூம்ல யார் யார் இருந்தது?" என்று கேட்டார் இரவல்.

டெய்லரும் மைக்செட்டும் இருந்தார்கள். டெய்லர் தன் தலையில் தானே கல்லைப் போட்டுக்கொள்ள மாட்டார். சந்தேகப் பட்டியலில் இருந்த ஐந்து பேரைக் கழித்துக் கழித்து ஒரே ஆளில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அந்த ஆள் தான்தான் என்பதைக் கவனிக்காமல் மைக்செட் இன்னும் நின்றுகொண்டிருந்தார். ஆப்பைப் பிடுங்கிய குரங்குக்குக்கூட வால் மாட்டிய பிறகாவது தெரியும். இவருக்குத் திங்கட்கிழமை மெமோ வந்த பிறகுதான் தெரிந்தது.

நடுவில் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் செய்தி வந்திருந்தது, 'காவல் புகார் ஆணையம் ஒட்டுக்கேட்கப்படுகிறதா?' என்று. போலீஸ் துறை உடனே மறுத்தது. ஆணையம் நேரில் சொல்வதையே நாங்கள் கேட்பதில்லை, ஒளிந்திருந்து ஏன் கேட்கப் போகிறோம் என்பது அதன் சாராம்சம். யார் விசாரிப்பது என்று ஒரு சிக்கல் வந்தது. போலீஸ் மேல் புகார் என்றால் ஆணையம்தான் விசாரிக்க வேண்டும். ஆனால் புகார் கொடுத்ததே ஆணையம், புகார் கொடுத்தவரே விசாரித்தால் நியாயமாக இருக்காது. எனவே நியாயத்தை உத்தேசித்து விசாரணை போலீஸிடம் ஒப்படைக்கப்பட்டது.

புதன்கிழமை போலீஸ் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து மூன்று பேர் கையில் பீப் பீப் என்று கத்தும் ஒரு கருவியோடு வந்தார்கள். வாக்குமூல அறையில் மேஜையைக் கவிழ்த்தார்கள். டெலிபோனைக் கழற்றினார்கள், பிறகு பூட்டத் தெரியாமல் விட்டார்கள். பதினொரு வருஷமாக டக் டக்கென்று சுற்றுகிற ஃபேனை ஏணி போட்டுப் பார்த்தார்கள், அது அன்றோடு நின்றுபோனது. சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. ஆணையத் திறப்பு விழாவுக்குப் போலீஸ் துறை அன்பளிப்பாகக் கொடுத்தது, 'நல்வாழ்த்துக்களுடன்' என்று தங்க எழுத்து. அதன் கீழே போனதும் கருவி விடாமல் கத்தியது. கருவிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அதை அணைத்துவிட்டு, கடிகாரம் நம்ம கடிகாரம்தானே என்று அடுத்த சுவருக்குப் போனார்கள். கண்டெடுத்தவை ஒரு பேனா மூடி, இரண்டு குண்டூசி. ஒட்டுக்கேட்கும் சாதனம் எதுவும் இல்லை என்று சான்றிதழ் எழுதி, அதையும் மைக்செட்டையே வாசிக்க வைத்துக் கையெழுத்து வாங்கிப் போனார்கள். தன் கழுத்துக்கான சுருக்கைத் தானே நல்ல உச்சரிப்போடு வாசித்தார் மனிதர்.

வீட்டில் மைக்செட் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுக்காரர் தொண்டைக்கு என்ன என்று விசாரித்துவிட்டுப் போனார். சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேசுவார், முக்கியமானதென்றால் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டுவார். 'உப்பு கம்மி' என்பதைக்கூட எழுதிக் காட்டிய அன்று மனைவி அந்தத் தாளை வாங்கி, 'வாயைத் திறந்து சொல்லலாம், ராஜாங்க ரகசியம் இல்லை' என்று பதில் எழுதினாள். அவளுக்கு பஸ் டிப்போ விசாரணைக் கவுண்டரில் வேலை. எங்கள் விசாரணையிலாவது கடைசியில் ஒரு பஸ் வரும் என்பாள் அடிக்கடி.

வியாழக்கிழமை சாயந்திரம் நடந்ததையெல்லாம் குழாய்ச் சத்தத்துக்கு நடுவில் அவளிடம் கொட்டினார். இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது, சாதனம் எங்கே என்று காட்டினால் வேலை பிழைக்கும், இல்லாவிட்டால் போச்சு. அந்த அறையில் இருப்பதெல்லாம் பாழாய்ப் போன சாமான்கள், ஜன்னல் திறக்காது, ஃபேன் நின்றுவிட்டது, கடிகாரம் ஒன்றுதான் உருப்படி, அதற்கு மட்டும் மாதம் பிறந்தால் ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்து பேட்டரி மாற்றிவிட்டுப் போவார் என்று புலம்பினார்.

மனைவி குழாயை மூடினாள்.

"எங்க டிப்போ கடிகாரத்துக்கு வருஷத்துக்கு ஒரு பேட்டரி போதும்ங்க. உங்க கடிகாரம் மாசத்துக்கு ஒண்ணு சாப்பிடுதுன்னா, நேரம் காட்டறது தவிர வேற ஏதோ வேலையும் பாக்குது."

மைக்செட் அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பு இருந்ததா என்று கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கே தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றார். தலைவர் நல்ல மனிதர், தைரியம் மட்டும் கொஞ்சம் போதாது. ஆணையத்தின் பதினொரு வருஷத்தில் அவர் பிறப்பித்த கடுமையான உத்தரவு, இனிமேல் வாக்குமூலங்களை யார் கண்ணிலும் காட்டாமல் உறையில் ஒட்டித் தன் சொந்தப் பீரோவில்தான் பூட்ட வேண்டும் என்று போன வாரம் போட்டதுதான். கடிகார விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அன்பளிப்புப் பொருளைத் திறப்பதற்கு, கொடுத்தவர்களின் சம்மதம் வேண்டும் என்று இரவல் சொல்வாரே என்றார். பிறகு என்ன தோன்றியதோ, "பதினொரு மணிக்கு நானே வரேன்ப்பா. நானே ஸ்குரூடிரைவர் கொண்டு வரேன்" என்றார். மைக்செட்டுக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

ஆபீசுக்கு வந்தால் வராந்தா பெஞ்சில் டெய்லர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், இடித்துக்கொண்டு, மடியில் ஒரு பேண்ட் பார்சலோடு ஒரு போலீஸ்காரர். சும்மா துணைக்கு வந்தேன் என்றார். மணி பத்து. டெய்லர் தன் வாக்குமூலத்தை வாபஸ் வாங்க வந்திருந்தார்.

வாக்குமூல அறையில் சாட்சியும் எழுத்தரும் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. துணைக்கு வந்தவர் அதற்குச் சண்டை போடவில்லை. உள்ளே நடப்பது தன் மேலதிகாரிகளுக்குத் தெரியாமலா போய்விடும் என்பதுபோல் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

கதவைச் சாத்தியதும் டெய்லர் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார். அன்றைக்குத் தனக்குக் கண் சரியில்லை, பேண்ட் யாருடையது என்று தெரியாது, யாரோ தூண்டிவிட்டுச் சொன்னேன், அந்த வாக்குமூலத்தை ரத்து செய்ய வேண்டும். சொல்லும்போது அவர் கடிகாரத்தையோ மைக்செட்டையோ பார்க்கவில்லை, மேஜை மேலிருந்த குண்டூசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மைக்செட் பேனாவை எடுத்தார். தலைக்கு மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் அதன் வயிற்றைக் கிழித்துவிடுவார்கள், தன் வேலை பிழைத்துவிடும். ஆனால் இந்த மனிதர் அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அப்புறம் பெயிண்டருடைய கைக்கு யார் சாட்சி? ஒரு துண்டுச்சீட்டைக் கிழித்து, 'இது நிஜமா?' என்று எழுதி நகர்த்தினார்.

டெய்லர் வாசித்தார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். அது கடையிலிருந்தே காதில் வந்திருந்தது போல. 'பாத்தது பாத்ததுதான். கடையைத் தொறந்து வைக்கணும்னா இப்படிச் சொல்லுன்னாங்க. இல்லாட்டி நாளைக்கே பூட்டு' என்று எழுதினார். தையல் கணக்கு எழுதுகிற சின்னச் சின்ன எழுத்து.

பெயிண்டர் புகார் மேல் விசாரணை செவ்வாய்க்கிழமை. நான்கு நாள் கடை திறந்திருந்து, செவ்வாய்க்கிழமை எல்லார் முன்னாலும், பத்திரிகைக்காரர்கள் முன்னாலும் அந்த உறை பிரிக்கப்பட்டுவிட்டால், அப்புறம் அந்தக் கடைக்கு யார் பூட்டுப் போட்டாலும் ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதுவரை இந்த வாபஸ் நடந்ததாக ஒரு காதுக்குத் தெரிய வேண்டும். காதுக்கு மட்டும்.

மைக்செட் எழுத ஆரம்பித்தார். 'என் முந்தைய வாக்குமூலத்தில் உறுதியாக இருக்கிறேன். அதை வாபஸ் வாங்கும்படி மிரட்டப்படுகிறேன்' என்று எழுதி, பேண்ட், பட்டன் எல்லாவற்றையும் மறுபடி எழுதினார். டெய்லரிடம் காட்டினார். டெய்லர் இரண்டு முறை படித்தார். தலையை ஒரே ஒரு தடவை ஆட்டினார்.

பிறகு மைக்செட் அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, தெருமுனை வரை கேட்கும்படி படித்தார். "அன்றைய தினம் எனக்குக் கண் பார்வை சரியில்லை" என்று தொடங்கி, "முந்தைய வாக்குமூலத்தை முழு மனதோடு வாபஸ் பெறுகிறேன்" என்பது வரை, தாளில் இல்லாத ஒவ்வொரு வார்த்தையையும் தாளைப் பார்த்தே படித்தார். வராந்தாவில் போலீஸ்காரர் காலை மாற்றிப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"சரிதானா அண்ணே?"

"சரிங்க."

'வாசித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார்' என்று அடியில் எழுதினார். எத்தனையோ ஆயிரம் தடவை எழுதிய வரி, கை எழுதியது, ஆனால் கையெழுத்துப் போடும்போது பேனா ஒரு இடத்தில் நின்றது. டெய்லர் கையெழுத்துப் போட்டார். துண்டுச்சீட்டை மைக்செட் மடித்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அரசாங்கக் காகிதம், லேசில் கரையவில்லை. உறையை ஒட்டித் தலைவர் பீரோவில் வைத்துவிட்டு வந்து பார்த்தபோது பெஞ்சு காலியாக இருந்தது.

பதினொரு மணிக்குத் தலைவர் வந்தார். ஒரு கையில் ஸ்குரூடிரைவர், இன்னொரு கையில் ஸ்டூல். பியூனைக் கூப்பிடாமல் அவரே தூக்கி வந்திருந்தார். பின்னாலேயே இரவல், முகத்தில் அரிசி வெந்தும் வேகாததுமான ஒரு நிறம். எழுபது வயது மனிதர் ஸ்டூலைச் சுவரோரம் போட்டு, ஒரு காலை அதன் மேல் வைத்தும்விட்டார்.

அப்போதுதான் மைக்செட்டுக்குத் தான் விழுந்த கிணற்றின் ஆழம் தெரிந்தது. கடிகாரத்தைத் திறந்தால் உள்ளே இருப்பது வெளியே வரும். வந்தால், இத்தனை நாள் அது கேட்டதையெல்லாம் கொண்டுவா என்று விசாரணை கேட்கும். அதில் கடைசியாக இருப்பது இவர் குரல். தாளில் ஒன்று, வாயில் ஒன்று. படித்துக் காட்டாத வாக்குமூலம் செல்லாது. செல்லாதென்றால் டெய்லர் அம்போ, பெயிண்டர் அம்போ. கடிகாரம் மூடியே இருந்தால் வாக்குமூலம் நிற்கும், இவர் விழுவார். திறந்தால் இவர் நிற்பார். பதினொரு வருஷமாக அந்த அறைக்கு ஜன்னல் திறக்காது என்று தெரியும், கதவும் இல்லாதது போல் அன்றுதான் இருந்தது.

"ஐயா, வேண்டாம்" என்றார்.

தலைவர் ஸ்டூல் மேல் ஒரு காலோடு திரும்பிப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சுப் பாத்தேங்கய்யா. கடிகாரத்துல ஒண்ணும் இருக்காது. நான்தான் தப்பா சந்தேகப்பட்டுட்டேன்."

"அப்போ வெளிய சொன்னது யாருப்பா?"

தெரியவில்லை என்றார் மைக்செட். இரவல் முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்தது, பெரிய மனதோடு, போகட்டும் சார், ஏதோ டென்ஷனில் சொல்லியிருப்பார் என்று இவருக்காகப் பரிந்து பேசவும் செய்தார். தலைவர் ஸ்குரூடிரைவரைச் சட்டைப் பையில் போட்டார். தைரியம் என்பது அவருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால்தான் வந்திருக்க வேண்டும், அதைச் செலவழிக்க விடாமல் ஒரு எழுத்தர் தடுத்துவிட்டார். காலை இறக்கி, ஸ்டூலை அவரே திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை மைக்செட் தன் விளக்கத்தைக் கொடுத்தார். ஒரே வரி. 'விளக்கம் எதுவும் இல்லை.'

செவ்வாய்க்கிழமை விசாரணைக் கூடத்தில் பத்திரிகைக்காரர்கள் மூன்று பேர், கட்டுப் போட்ட கையோடு பெயிண்டர், கடைசி வரிசையில் டெய்லர். போலீஸ் தரப்பு வக்கீல் ரொம்ப நிம்மதியாக இருந்தார், ஒரு வெற்றிலைக் காம்பைக் கிள்ளுகிற லாகவத்தோடு தன் கோப்பின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தலைவர் உறையைப் பிரித்து மைக்செட்டிடம் கொடுத்தார். சஸ்பெண்ட் உத்தரவு இன்னும் டைப் ஆகவில்லை, அதனால் அன்றைக்கும் வாசிப்பவர் அவர்தான்.

இந்தத் தடவை தாளில் இருந்ததையே படித்தார். முதல் வரியில் வக்கீல் தலையைத் தூக்கினார். மிரட்டல் என்ற வார்த்தை வந்ததும் திரும்பி இரவலைப் பார்த்தார். இரவல் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் பார்க்க ஆள் இல்லாமல் கூரையைப் பார்த்தார். பட்டன் இல்லாத பின்பாக்கெட் வந்தபோது வக்கீல் எழுந்துவிட்டார்.

"ஐயா, இந்தச் சாட்சி வெள்ளிக்கிழமையே..."

"வெள்ளிக்கிழமையே?" என்றார் தலைவர்.

கூடத்தில் பேனாக்கள் நின்றன. வாபஸ் வாங்கிவிட்டார் என்று சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஒட்டுக்கேட்டோம் என்று சொல்லலாம், அல்லது சொல்லச் சொன்னோம் என்று சொல்லலாம். வக்கீல் இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையே தேதி போட்டுத் தெளிவாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் ஐயா" என்று சொல்லி உட்கார்ந்தார்.

இரண்டு போலீஸ்காரர்கள் மேல் வழக்குப் பதிவு செய்ய ஆணையம் பரிந்துரைத்தது. பதினொரு வருஷத்தில் அதுதான் முதல். ரகசியத்தை வெளியிட்ட குற்றத்துக்காக மைக்செட்டுக்கு இரண்டு வருஷ ஊதிய உயர்வு ரத்து, கீழ்த்தளத்துப் பதிவறைக்கு மாற்றல். வேலை போக வேண்டியது, தலைவர் அதைக் குறைத்துவிட்டார், காரணம் எழுதவில்லை. ஆணையம் ஒட்டுக்கேட்கப்படுவதாக எழுந்த குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று கோப்பை மூடினார்கள். பதிவறையில் வந்து அடுக்கப்பட்ட முதல் கோப்பு அதுதான், மைக்செட் அதற்கு எண் போட்டு அலமாரியில் வைத்தார்.

வீட்டில் மனைவி ஒரு வாரம் எதுவும் கேட்கவில்லை. எட்டாம் நாள் குழாயைத் திறக்காமல், நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டாள். கடிகாரம் என்று கண்டுபிடித்துக் கொடுத்தது அவள். ஏன் திறக்கவில்லை, நிஜமாகவே நீங்கள்தான் போய்ச் சொன்னீர்களா?

இல்லை என்று சொன்னால் பின்னே ஏன் என்பாள். அதற்குப் பதில் சொன்னால் இரண்டு பேருக்குத் தெரிந்த விஷயம் மூன்று பேருக்குத் தெரியும், அவள் நாள் முழுக்க மைக்கின் முன்னால் உட்கார்ந்து ஊருக்குப் பதில் சொல்கிறவள். 

"டிப்போவுக்குப் போற வழியில ஒரு டெய்லர் கடை இருக்கு. ஸ்டேஷனுக்கு எதுத்தாப்புல. திறந்திருக்கான்னு மட்டும் பாத்துட்டு வா" என்றார்.

மறுநாள் சாயந்திரம் அவள் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, பையை வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டுத்தான் சொன்னாள்.

"திறந்திருக்கு. உள்ள போனேன். ஆணையத்துல எழுத்தர் வீட்டுக்காரின்னு சொன்னேன். அந்தாளு கழுத்துல இருந்த டேப்பை எடுத்து மடிச்சு வச்சுட்டு எந்திரிச்சு நின்னுட்டாரு. என்ன விஷயம்னு கேட்டா வாயே திறக்கல. நீங்களும் திறக்க மாட்டீங்க." ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "உங்க ஆபீஸ் பக்கம் போன ஆம்பளைங்க யாருக்கும் பேச்சு வராது போல."

சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். மறுபடி கேட்கவில்லை. நம்பியதால் கேட்கவில்லையா, நம்பாததால் கேட்கவில்லையா என்று மைக்செட்டுக்குத் தெரியவில்லை. அதை அவளிடம் கேட்கவும் வழி இல்லை.